ஆறு நாழி நெல்லும் ஓர் இரவு விளக்கும்

மாசி கழிந்து பங்குனி நெருங்கும் நாள்களில், சிதம்பரத்துத் தேரோடும் வீதிகளிலும் கடலூர் மஞ்சக்குப்பத்துத் தெருக்களிலும் ஒரு காட்சியைக் காணலாம். ஊர் உறங்கிய பின்னும் ஏதோ ஒரு சாளரத்தில் விளக்கு எரிந்து கொண்டிருக்கும். விளக்கின் அடியில் ஒரு மாணவன் குனிந்த தலை நிமிராமல் படித்துக் கொண்டிருப்பான். அன்னை ஒருத்தி ஓசைப்படாமல் வந்து சூடான பாலையோ காப்பியையோ அவன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாள். வாய் திறந்து ஒரு சொல்லும் சொல்லமாட்டாள். ஆயினும் அந்தக் குவளையின் சூட்டிலே அவள் சொல்ல நினைத்தது எல்லாம் அடங்கியிருக்கும்.

கெடில நதிக் கரையிலே திருவகீந்திரபுரம் என்னும் திருப்பதி இருக்கிறது. அங்கே ஔஷதகிரி என்ற சிறு குன்றின்மேல் கல்விக் கடவுளாகிய ஹயக்ரீவர் எழுந்தருளியிருக்கிறார். வைணவப் பேரறிஞராகிய வேதாந்த தேசிகர் நெடுங்காலம் வாழ்ந்து பல நூல்களை இயற்றிய ஊர் அது. தேர்வுக் காலத்தில் அக்குன்றின் படிகளில் மாணவர் கூட்டம் ஏறும். எழுதுகோலையும் நுழைவுச் சீட்டையும் சந்நிதியில் வைத்து வணங்கி, நெஞ்சில் சிறிது தெம்போடு இறங்குவர்.

பால், விளக்கு, வழிபாடு, நண்பன் தோளில் தட்டிச் சொல்லும் ஒரு சொல் ஆகிய இவற்றையெல்லாம் நாம் சிறு ஆறுதல்கள் என்கிறோம். சிறியவை என்பதனால் இவற்றை வரலாற்றில் தேடுவார் இல்லை. போர்களையும் அரியணைகளையும் பேசுவதே வரலாறு என்று எண்ணுகிறோம். ஆனால், மாணவ நண்பர்களே, நம் நாட்டு வரலாறு இந்தச் சிறு வசதிகளை மறக்கவில்லை. மாணவனுக்கு நாளொன்றுக்கு எத்தனை நாழி நெல், படுக்கப் பாய் உண்டா, இரவில் படிக்க விளக்குக்கு எண்ணெய் உண்டா என்பனவற்றை நம் முன்னோர் கல்லிலே வெட்டி வைத்தனர். அக்கற்கள் பேசுவதைச் சிறிது நேரம் கேட்போம்.

கடலூரின் ஒரு பகுதியாக இன்று விளங்கும் திருப்பாதிரிப்புலியூர் மிகப் பழைய கல்வி நிலையம். பாடலிபுரம் என்பது அதன் பழைய பெயர். சமணப் பெரியோர் அங்கே பள்ளி அமைத்துக் கற்றும் கற்பித்தும் வந்தனர். உலகின் அமைப்பைக் கூறும் ‘லோகவிபாகம்’ என்ற நூலைச் சர்வநந்தி என்ற முனிவர் கி.பி. 458-ஆம் ஆண்டில் அவ்வூரில் எழுதி முடித்தார் என்று அறிகிறோம். நாவுக்கரசர் சமண சமயத்தைச் சார்ந்திருந்த காலத்தில் தருமசேனர் என்ற பெயரோடு வாழ்ந்ததும் இப்பாடலிபுரத்துப் பள்ளியிலேதான் என்பது பெரிய புராணம் தரும் செய்தி.

கடலூரிலிருந்து புதுச்சேரி செல்லும் வழியை ஒட்டி, வாகூர் என்னும் ஊர் உள்ளது. கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மன் என்ற பல்லவ மன்னன் காலத்தில் அங்கே ஒரு வித்தியாஸ்தானம், அதாவது கல்லூரி, நடைபெற்றது. அதன் செலவுக்காக மூன்று ஊர்களின் வருவாயை விட்டுக் கொடுத்த செய்தியை வாகூர்ச் செப்பேடு கூறுகிறது. ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் வயிற்றுக் கவலை இருத்தலாகாது, இருந்தால் கல்வி நில்லாது என்ற உண்மையை அக்காலத்தவர் தெளிந்திருந்தனர்.

அவ்வுண்மையைக் கணக்காகவே எழுதிக் காட்டுவது எண்ணாயிரத்துக் கல்வெட்டு. இன்று விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கும் எண்ணாயிரம், கடலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த பழைய தென்னார்க்காட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. கங்கை கொண்ட இராசேந்திர சோழன் காலத்தில் அங்கே ஒரு பெரிய கல்லூரி இருந்தது. தொடக்க நிலை மாணவர் 270 பேர். உயர் நிலை மாணவர் 70 பேர். ஆசிரியர் 14 பேர். வேதம் ஓதுவோர் பெரும்பாலோர். இலக்கணமும் மீமாம்சையும் வேதாந்தமும் பயின்றோர் சிலர். இவர்களைப் பேணுவதற்கு 45 வேலி நிலம் விடப்பட்டிருந்தது.

மாணவர்க்கு அளந்த நெல்லின் கணக்கைக் கேளுங்கள். தொடக்க நிலை மாணவன் ஒருவனுக்கு நாள்தோறும் ஆறு நாழி நெல். உயர் நிலை மாணவனுக்கு ஒரு குறுணி இரு நாழி. குறுணி என்பது எட்டு நாழி. ஆகவே அவனுக்குப் பத்து நாழி. பெருக்கிப் பார்ப்போமானால், மாணவர்க்கு மட்டும் ஒரு நாளைக்கு 2,320 நாழி, அதாவது 290 குறுணி நெல் வேண்டும். பன்னிரண்டு குறுணி ஒரு கலம் என்ற கணக்கில் இது 24 கலம் 2 குறுணி ஆகிறது. ஆசிரியர்க்கு அளந்தது இதற்கு மேல். நாள் தவறாமல், மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும், இவ்வளவு நெல்லை அளந்து கொடுக்க ஓர் ஊர்ச்சபை ஒப்புக்கொண்டது. பாடம் ஏற ஏற மாணவனுக்கு அளக்கும் நெல்லும் ஏறியது என்பதைக் கவனியுங்கள். கடினமான நூலைக் கற்பவனுக்குக் கூடுதலான ஆதரவு வேண்டும் என்பது அக்கணக்கில் தெளிவாகத் தெரிகிறது.

எண்ணாயிரத்துக்கு அடுத்தாற்போல் நினைக்கத் தக்கது, இன்று புதுச்சேரி ஆட்சிப் பகுதியில் உள்ள திரிபுவனி. முதலாம் இராசாதிராசன் காலத்தில், கி.பி. 1048-ஆம் ஆண்டை ஒட்டி, அங்கே 260 மாணவரும் 12 ஆசிரியரும் இருந்தனர். சோறு போடுவதோடு அவ்வூரார் நிற்கவில்லை. மற்றொரு சலுகையையும் அளித்தனர். ஊராட்சியை நடத்தும் வாரியங்களில் பணி செய்யும் கடமையிலிருந்து கற்பவரையும் கற்பிப்பவரையும் விலக்கி வைத்தனர். ஏரியைப் பார், தோட்டத்தைப் பார், கணக்கைப் பார் என்று அவர்களை யாரும் அழைத்தலாகாது. மாணவனுக்கு நாம் தரக்கூடிய நன்கொடைகளில் அரியது நேரமே என்பதைத் திரிபுவனியார் அறிந்திருந்தனர்.

இன்னும் நுணுக்கமான அன்பைக் காண வேண்டுமானால் சற்று வடக்கே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலுக்குச் செல்ல வேண்டும். அவ்வூர்ப் பெருமாள் கோயில் மதிலில் வீரராசேந்திர சோழன் காலத்து நெடிய கல்வெட்டு ஒன்று இருக்கிறது. காலம் கி.பி. 1067-ஐ ஒட்டியது. கோயிலைச் சார்ந்து ஒரு வேதக் கல்லூரியும், மாணவர் தங்கும் விடுதியும், பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலை ஒன்றும் நடைபெற்றன. வீரசோழன் என்பது அம்மருத்துவமனையின் பெயர். நோய் கண்ட மாணவரும் கோயிற் பணியாளரும் அங்கே மருந்து பெற்றனர். மருத்துவன் ஒருவன், அறுவை செய்வான் ஒருவன், மூலிகை கொணர்வார் இருவர், பணிவிடைப் பெண்டிர் இருவர், நாவிதன் ஒருவன், தண்ணீர் கொணர்வான் ஒருவன் என்று அதன் பணியாளரையும் கல்வெட்டு எண்ணிச் சொல்கிறது.

விடுதி மாணவர்க்கு அக்கல்வெட்டு ஒதுக்கியவை எவை? நாள்தோறும் உணவு, படுக்கப் பாய், இரவில் எரிக்க விளக்கெண்ணெய், சனிக்கிழமை தோறும் தலை முழுக எண்ணெய். ஓராண்டு முழுவதும் வரும் சனிக்கிழமைகளுக்கு மாணவனின் உச்சந்தலைக்கு எண்ணெய் வேண்டுமே என்று ஒரு பேரரசின் சாசனம் நினைத்துப் பார்க்கிறது! வெயில் மிகுந்த நம் நாட்டில், நீண்ட நேரம் படித்த கண்ணும் சூடேறிய தலையும் எண்ணெய் முழுக்கினால் எவ்வளவு குளிரும் என்பதை நம் பாட்டிமார் அறிவர். ஔவையாரும் சனிக்கிழமை நீராடலைச் சிறுவர்க்குரிய அறிவுரைகளுள் ஒன்றாக வைத்தார். அவ்வறிவையே கல்வெட்டும் பொருட்கணக்கிலே சேர்த்தது.

ஓய்வும் கல்வியின் ஒரு பகுதி என்பதைத் திண்ணைப் பள்ளிகளும் மறக்கவில்லை. அமாவாசை, பௌர்ணமி ஆகிய உவா நாள்களில் பள்ளிக்கு விடுமுறை. இரவும் பகலும் இடைவிடாது உருப்போட்டவனே அறிஞன் ஆவான் என்று அந்தப் பழைய ஆசிரியர்கள் எண்ணியதில்லை.

இதுவரை நாம் கண்டது பெருமைக்குரியது. எனினும் உண்மை முழுவதையும் சொல்வதே வரலாற்றின் கடமை. எண்ணாயிரத்திலும் திரிபுவனியிலும் திருமுக்கூடலிலும் வேதம் ஓதிய மாணவர் ஒரு குலத்தவரே. ஆறு நாழி நெல் விளைந்த வயலில் ஏர் உழுதவனுடைய மகனுக்கு அக்கல்லூரியில் இடம் இல்லை. அவன் தங்கைக்கும் இல்லை. விளக்கு நன்றாகவே எரிந்தது. ஆனால் அதன் வெளிச்சம் எல்லார் முற்றத்திலும் விழவில்லை. அவ்வெளிச்சத்தைப் பரப்புவதற்கு மேலும் பல நூற்றாண்டுகள் ஆயின. அந்தப் பணியில் சிதம்பரத்துக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் பெரும் பங்கு உண்டு.

1864-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். தமிழ் நூல்களைப் பிழையறப் பதிப்பித்து மாணவர் கையில் தந்த பெரியார் அவர். அச்சுப் புத்தகம் கைக்கு எட்டுவதும் மாணவனுக்கு ஒரு பெரிய ஆறுதல் அன்றோ? ஏட்டுச் சுவடியை இரவல் பெற்றுப் படி எடுத்த தலைமுறையினர் அதன் அருமையை நன்கு அறிவர்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1867-ஆம் ஆண்டு மே மாதம் 23-ஆம் நாள், வடலூரில் இராமலிங்க அடிகளார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாமல் எரிகிறது. அது மாணவர்க்கென்று மூட்டிய அடுப்பன்று. பசித்தவர் எவராயினும் அவருக்கென மூட்டியது. நீ எக்குலத்தவன் என்று கேளாமல் இலை போடும் வழக்கத்தை அது இம்மாவட்டத்தில் நிலைநாட்டியது. உணவுக்குத் தகுதி பசி ஒன்றே என்றால், கல்விக்குத் தகுதி அறிவு வேட்கை ஒன்றே ஆகாதோ?

அந்த வினாவுக்குச் செயலால் விடை கூறியவர் சுவாமி சகஜானந்தர். 1890-ஆம் ஆண்டில் பிறந்த அவர் ஆதிதிராவிட மக்களின் துயரைத் தம் துயராக உணர்ந்த துறவி. தில்லைக் கூத்தனைக் காண ஏங்கி எல்லையிலே நின்ற திருநாளைப்போவாராகிய நந்தனாரின் கதையை நாம் அறிவோம். அவர் பெயராலேயே 1916-ஆம் ஆண்டில் சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். பள்ளியோடு விடுதியும் வளர்ந்தது. சேரிச் சிறுவன் ஒருவன் கற்க வேண்டுமென்று துணிந்தாலும், ஊருக்குள் தங்க ஓர் இடமும் உண்ண ஒரு பிடி சோறும் கிடைப்பது அரிதாக இருந்த காலம் அது. அந்தச் சிறுவனுக்குப் பாயும் சோறும் விளக்கும் கொடுத்த விடுதியைத் திருமுக்கூடல் விடுதியின் உண்மையான வாரிசு என்றே நான் கூறுவேன். 1959-ஆம் ஆண்டில் மறையும்வரை, சட்டமன்றத்திலும் வெளியிலும் அவர் அம்மக்களுக்காகவே உழைத்தார்.

இதற்கிடையே கல்வியின் போக்கிலும் ஒரு பெரிய மாறுதல் ஏற்பட்டிருந்தது. பழைய நாளில் மாணவனின் தேர்ச்சியை அறிந்தவர் அவன் ஆசிரியரே. புலவனுடைய நூல் அவையிலே அரங்கேறியது, கேட்டோர் தலையசைத்தனர், அதுவே தேர்வு. 1857-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக் கழகம் தோன்றியபின், அச்சிட்ட வினாத்தாளும், குறித்த மணி நேரமும், பெயருக்குப் பதிலாக ஓர் எண்ணும் வந்தன. முகம் அறியாத ஒருவர் முகம் அறியாத மற்றொருவரின் விடையைத் திருத்தலாயினர். இம்முறையில் நடுநிலை உண்டு. யாருடைய மகன் என்று அது கேட்பதில்லை. ஆனால் பல்லாண்டு உழைப்பைச் சில மணி நேரத்தில் அது நிறுத்துப் பார்க்கிறது. அதனாலேதான் அந்த நாள்களுக்கு முன்பு ஆறுதல் முன்னினும் மிகுதியாக வேண்டியிருக்கிறது.

தேர்வு என்னும் தராசு சிலபோது பெருமலையையும் நிறுக்கத் தவறும். கணித மேதை இராமாநுசன் கும்பகோணம் கல்லூரியில் உதவித் தொகையை இழந்தார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறினாரல்லர். கணிதம் ஒன்றிலேயே மனம் தோய்ந்து, பிற பாடங்களைக் கைவிட்டதே காரணம். காகிதம் வாங்கப் பொருள் போதாமையால் பலகையிலே கணக்கிட்டு முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். வேலை தேடி அலைந்த அவர், 1910-ஆம் ஆண்டை ஒட்டித் திருக்கோவலூருக்கு வந்தார். அதுவும் அந்நாளில் தென்னார்க்காட்டு மாவட்டத்து ஊரே. இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்த வி. இராமசாமி ஐயர் அங்கே துணைக் கலெக்டராக இருந்தார். அவரிடம் தம் குறிப்பேட்டைக் காட்டி, எழுத்தர் வேலை ஒன்று கேட்டார் இராமாநுசன். ஏட்டைப் புரட்டிய ஐயர் வியந்து போனார். இத்தகைய அறிவை ஓர் அலுவலக மூலையில் புதைக்க அவர் மனம் ஒப்பவில்லை. சென்னையிலுள்ள கணித அறிஞர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அந்தக் கடிதங்கள் திறந்த வழி, சில ஆண்டுகளில் கேம்பிரிட்ஜ் வரை சென்றது. தேர்வில் தோற்றவனுக்கு, அறிந்தவர் ஒருவர் கூறும் நற்சொல்லைவிடச் சிறந்த ஆறுதல் வேறு எது?

மீண்டும் சிதம்பரத்துக்கு வருவோம். 1920-ஆம் ஆண்டில் அண்ணாமலைச் செட்டியார் அங்கே மீனாட்சி கல்லூரியை நிறுவினார். அவர் நிறுவிய மீனாட்சி தமிழ்க் கல்லூரிக்கு 1924 முதல் 1927 வரை உ.வே. சாமிநாதையர் தலைவராக இருந்தார். வறுமையிலும் ஆசிரியரின் அன்பு என்னும் ஒரு துணையைக் கொண்டே கற்றுத் தேறிய பெருமகனார் அவர். 1929-ஆம் ஆண்டில் அக்கல்லூரிகள் அண்ணாமலைப் பல்கலைக் கழகமாக மலர்ந்தன. பல ஊர்க் கல்லூரிகளுக்குத் தேர்வு நடத்தும் முறையில் அன்றி, ஆசிரியரும் மாணவரும் ஓரிடத்தே உறைந்து கற்கும் உறைவிடப் பல்கலைக் கழகமாக அது அமைந்தது. வாகூரும் எண்ணாயிரமும் கண்ட கருத்து, ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின், சில காத தூரத்திலே புது வடிவு பெற்றது. ஆனால் இம்முறை வாயில் அகலமாகத் திறந்திருந்தது. பல குலத்து இளைஞரும், பின்னர்ப் பெண்களும் அவ்வாயிலில் நுழைந்தனர்.

அரசும் இப்பொறுப்பைத் தன் தோளில் ஏற்றது. காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில் பள்ளிகளில் மதிய உணவு பரவியது. 1982-ஆம் ஆண்டில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022-ஆம் ஆண்டில் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்குக் காலை உணவும் தொடங்கியது. எண்ணாயிரத்து 340 மாணவர்க்கு அளந்த நெல், இன்று நாடு முழுவதும் உள்ள பிள்ளைகளுக்கு அளக்கப்படுகிறது.

ஆயினும், இவையெல்லாம் வந்துவிட்டன, இனிக் கவலை இல்லை என்று இருந்துவிட முடியாது. 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் வரிசை வரிசையாக வீழ்ந்தன. பல ஊர்கள் பல நாள் இருளில் மூழ்கின. பொதுத் தேர்வுக்கு இரண்டு மாதமே இருந்தது. மின்விளக்கைப் பொருட்படுத்தாது வளர்ந்த தலைமுறை, இரவு விளக்கு என்பது எவ்வளவு பெரிய செல்வம் என்பதை அன்று உணர்ந்தது. கல்வெட்டில் விளக்குக்கு எண்ணெய் எழுதி வைத்தவன் வீண் வேலை செய்யவில்லை.

மாணவ நண்பர்களே, கற்கள் சொன்னவற்றை இப்பொழுது தொகுத்துப் பார்ப்போம். எண்ணாயிரம் உணவைச் சொன்னது. திருமுக்கூடல் விளக்கையும் பாயையும் எண்ணெய் முழுக்கையும் மருந்தையும் சொன்னது. திரிபுவனி பிற வேலைகளிலிருந்து விடுதலையைச் சொன்னது. திருக்கோவலூர் ஒரு நற்சொல்லைத் தந்தது. நந்தனார் கழகம் இவையனைத்தும் எல்லார்க்கும் உரியவை என்றது. தேர்வுக்குச் செல்லும் மாணவனுக்கு இன்று வேண்டியவையும் இவையே. உண்ணாமல் படிப்பது பெருமையன்று. உறங்காமல் படிப்பது வீரமும் அன்று. பாயை ஒதுக்கி வைத்தவன் மாணவனின் சோம்பலுக்கு இடம் கொடுக்கவில்லை. அவன் நினைவாற்றலுக்குக் காவல் வைத்தான்.

இறுதியாக ஒரு வினா. திரிபுவனிச் சபையார் படிப்போரை ஊர் வேலையிலிருந்து விலக்கினர். நம் இல்லங்களில் தேர்வு எழுதப் போகும் மகனை, கடைக்குப் போ, தண்ணீர் எடு என்று நாமும் ஏவுவதில்லை. அவனோடு அதே தேர்வை எழுதப் போகும் மகளுக்கும் அந்த விலக்கு உண்டா? அவளும் ஏனம் துலக்காமல், தம்பிக்குச் சோறு பரிமாற எழாமல், விளக்கின் அடியில் உட்கார்ந்திருக்க முடிகிறதா? அவள் பக்கத்திலும் அந்தச் சூடான குவளை ஓசைப்படாமல் வந்து அமர்கிறதா?

இக்கேள்விக்கு விடை எழுத வேண்டியவர்கள் மாணவர் அல்லர், நாமே. ஒரு மன்னன் கல்லில் எழுதியதை ஒரு வீடு தன் வழக்கத்தில் எழுதலாம். அவ்வாறு எழுதும் வீடு ஒவ்வொன்றும் எண்ணாயிரத்தினும் பெரிய கல்லூரியாகும். சாளரத்தில் எரியும் அந்த விளக்கு, மகன், மகள் என்ற வேறுபாடின்றி எல்லார்க்கும் ஒளி தருவதாக!